இருட்டு எல்லாமே ஒரே இருட்டு இல்லம்மா

பாப்பா,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். அம்மா போனதுல இருந்து ஜெபம் பண்ண உக்காந்தா உள்ள ஒரே இருட்டா இருக்கு, வார்த்தையே வரலன்னு சொல்ற, அதுக்கு உங்க ஜெபக்கூட்டத்துல ஒருத்தங்க பைபிள்ல 1 யோவான் நிருபத்த எடுத்து வச்சு, இருள்னா பாவம், நீ எதையோ அறிக்கை பண்ணாம வச்சிருக்கன்னு சொன்னாங்களாமே. கேட்டதும் மனசு பதறிப்போச்சு. துக்கத்துல கெடக்குற பிள்ளைகிட்ட பேசுற பேச்சா இது?

அந்த நிருபத்தையே எடுத்துக்கோ. புதிய ஏற்பாட்ட கிரேக்கத்துலதான எழுதுனாங்க, அதுல இருட்டுக்கு யோவான் அதிகமா எழுதுற வார்த்தை ஸ்கோட்டியா. அந்த இருட்டு என்னன்னு 2:11ல அவரே சொல்லிடுறார், "தன் சகோதரனைப் பகைக்கிறவன் இருளிலே இருந்து இருளிலே நடக்கிறான்"னு. பகையத்தான் சொல்றார். அம்மாவ நெனச்சு அழுறது பகையா? இல்லவே இல்ல.

இருட்டுக்கு இன்னொரு வார்த்தை ஸ்கோட்டோஸ். மத்தேயு "புறம்பான இருள்"னு மூணு எடத்துல எழுதுறாரே (8:12, 22:13, 25:30), அது இதுதான். இத வச்சுதான் நெறைய பேர் பயமுறுத்துறாங்க. ஆனா அதே மத்தேயு, அதே வார்த்தைய 27:45லயும் போடுறார் பாரு. இயேசு சிலுவையில தொங்கும்போது ஆறாம் மணியில இருந்து ஒன்பதாம் மணி வரைக்கும், அதாவது நம்ம கணக்குல மத்தியானம் 12ல இருந்து 3 வரைக்கும், தேசம் முழுக்க ஸ்கோட்டோஸ். அது யூதரோட பஸ்கா பண்டிகை சமயம், பஸ்கா வர்றது பௌர்ணமில, சூரிய கிரகணமோ அமாவாசையிலதான் வரும், அதனால கிரகணம்னும் சொல்ல முடியாது. பாவமே இல்லாதவர் அந்த இருட்டுக்குள்ள தொங்கிக்கிட்டு "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்"னு கத்துறார். அவர்கிட்ட போய் எந்த பாவத்த அறிக்கை பண்ணலன்னு கேப்பாங்களா?

அப்புறம் எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு வார்த்தை, க்னோஃபோஸ், அடர்ந்த இருட்டுன்னு அர்த்தம். புதிய ஏற்பாட்டுல எபிரெயர் 12:18ல மட்டும்தான் வருது, நம்ம பைபிள்ல மந்தாரம்னு போட்டிருக்கும். ஆனா பழைய ஏற்பாட்ட கிரேக்கத்துல மொழிபெயர்த்தவங்க யாத்திராகமம் 20:21ல இதே வார்த்தையதான் போட்டிருக்காங்க. ஜனங்க எல்லாம் பயந்து தூரத்துல நிக்குறாங்க, மோசே மட்டும் "தேவன் இருந்த கார்மேகத்துக்கு" கிட்ட போறார். நல்லா கவனி, தேவன் இருந்தது அந்த இருட்டுக்குள்ளதான். நாலாம் நூற்றாண்டுல நிசாவின் கிரெகோரிங்கற பிஷப் இதப் பத்தி எழுதுறப்ப, மோசேக்கு மொதல்ல முட்செடியில வெளிச்சம், அப்புறம் மேகம், அதுக்கப்புறம்தான் இருட்டுன்னு சொல்றார், கிட்ட போகப் போகத்தான் இருட்டு கூடுதாம்.

உன்னோடது எந்த இருட்டுன்னு நான் தீர்ப்பு சொல்லல பாப்பா, ஆனா பாவம் இல்லன்னு உன் அப்பனா அடிச்சு சொல்லுவேன். வார்த்தை வரலன்னா 88ஆம் சங்கீதத்த சத்தமா வாசி, அதுல கடைசி வரைக்கும் ஆறுதலே வராது, அதையும் ஜெபம்னுதான் பைபிள்ல வச்சிருக்காங்க. அந்த கூட்டத்துக்கு கொஞ்ச நாள் போக வேணாம். நேரத்துக்கு சாப்டு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கூப்பிடுறேன், எடு.

அப்பா