ரவுண்டானாவில் யாருக்கு வழி?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்னும் ரவுண்டானாவும் வைத்துவிட்டார்கள், காத்து நிற்கும் நேரம் குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ரவுண்டானாவில் யார் முதலில் போக வேண்டும் என்று பத்துப் பேரிடம் கேளுங்கள், பத்துப் பதில் வரும். வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு, அதாவது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, நாம் நின்று வழி விட வேண்டும். நான் அப்படி நின்றால் பின்னால் இருப்பவர் விடாமல் ஹாரன் அடிக்கிறார், போன வாரம் ஒருவர் இறங்கி வந்தே திட்டினார்.

சிக்னல் சிவப்பில் இருந்தாலும் நிற்காமல் இடப்பக்கம் திரும்பலாம் என்கிற ஃப்ரீ லெஃப்ட்டும் இதே கதைதான். ஒரு சிக்னலில் பலகை இருக்கிறது, அடுத்ததில் இல்லை, இன்னொன்றில் இருந்த பலகையை மரக்கிளை மூடிவிட்டது. புதிதாக ஊருக்கு வருபவர் எதைப் பார்த்து ஓட்டுவார்?

அப்புறம் இந்த ஹெட்லைட். வெளிநாட்டில் இருந்து வந்த என் தம்பி, எதிரே வந்த லாரி லைட்டை அடித்துக் காட்டியதும் நமக்கு வழி விடுகிறார் என்று நினைத்து வண்டியைத் திருப்பிவிட்டான். பிரிட்டனில் பல ஓட்டுநர்களுக்கு அது 'நீங்கள் போங்கள்', நம் ஊரில் 'நான் வருகிறேன், நில்'. நூலிழையில் தப்பினோம், கை நடுக்கம் அடங்கவே ரொம்ப நேரமானது.

ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் என்று அபராதம் எல்லோருக்கும் தெரிகிறது. யாருக்கு வழி விட வேண்டும் என்பதையும் ஒவ்வொரு ரவுண்டானாவின் நுழைவிலும் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஜீப்ரா கோட்டுக்கும் புதுப் பெயின்ட் அடியுங்கள், பள்ளிப் பிள்ளைகள் அங்கேதான் கடக்கிறார்கள்.

இப்படிக்கு,
தினமும் பைக்கில் போகும் வாசகர்,
கோவை.