மறு ஆய்வு மனு மேல்முறையீடு ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

செட்டிநாட்டுப் பங்கு வீடுகளின் பாகப்பிரிவினை வழக்குகள் பற்றிய கட்டுரை படித்தேன். 'தீர்ப்பில் திருப்தி இல்லாவிட்டால் அதே நீதிமன்றத்தில் மறு ஆய்வு கேட்கலாம்' என்ற வரி மட்டும் ஆபத்தானது. அதை நம்பினால் மேல்முறையீட்டுக் கெடு கைவிட்டுப் போகும்.

கையெழுத்திட்ட தீர்ப்பை நீதிபதி பிறகு மாற்றக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 20 விதி 3. விதிவிலக்கு இரண்டுதான்: பிரிவு 152, மறு ஆய்வு.

முன்னது எழுத்துப்பிழை, கணக்குப்பிழை, கைதவறி விட்டுப்போனது ஆகியவற்றுக்கு. தீர்ப்பில் 1/6 பங்கு, அதன் முடிவை முறைப்படி எழுதும் தீர்ப்பாணையில் 1/5 என்று வந்துவிட்டால் இந்தப் பிரிவில் திருத்த மனு போதும். எப்போது வேண்டுமானாலும் போடலாம். நம் பக்கம் அதிகம் வருவது தபசில் (சொத்து விவரப் பட்டியல்) பிழை. பழைய பத்திரத்தில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீட்டின் பகுதிகளைச் சொல்லி நான்கு மால் (நான்கு பக்க எல்லை) மட்டும் எழுதியிருப்பார்கள். பிராது (வழக்குத் தொடுக்கும் மனு) தயாரிக்கும்போது சர்வே உட்பிரிவு எண் மாறிவிடும். நான்கு மாலும் அளவும் சரியாக இருந்து எண் மட்டும் தவறென்றால் திருத்தம் கிடைக்க வாய்ப்புண்டு. பிழை பிராதிலேயே இருப்பதால் அதையும் சேர்த்துத் திருத்தக் கேட்க வேண்டும். 'திருத்தம்' என்ற பெயரில் பக்கத்துப் பங்காளியின் அறையும் தபசிலுக்குள் வருகிறதென்றால் மனு நிற்காது. தீர்ப்பாணைக்குப் பிந்தைய வட்டி பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால், பிரிவு 34படி அது மறுக்கப்பட்டதாகவே பொருள். 152இல் அதைக் கேட்டுப் பயனில்லை.

மறு ஆய்வுக்கு (கட்டளை 47) கெடு 30 நாள். முழு முயற்சி எடுத்தும் முன்பு கிடைக்காத முக்கியச் சான்று, பார்த்ததுமே தெரிகிற பிழை, அவற்றை ஒத்த போதிய காரணம் இருக்க வேண்டும். 'சாட்சியை நீதிபதி தவறாக எடைபோட்டார்' என்பது மேல்முறையீட்டுக்கான வாதம். பிற்பாடு வேறொரு வழக்கில் மேல் நீதிமன்றம் சட்டத்தை மாற்றிச் சொன்னாலும் அது காரணமாகாது. பெட்டகத்தில் கிடந்த பத்திரத்தைத் தீர்ப்புக்குப் பிறகு எடுத்து வந்தால், ஏன் முன்பே தேடவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மேல்முறையீடு செய்தவர் மறு ஆய்வு கேட்க முடியாது. மறு ஆய்வு மனு நிலுவையில் இருப்பதால் மேல்முறையீட்டுக் கெடு தானாக நின்றுவிடுவதும் இல்லை. மறு ஆய்வு தள்ளுபடியானால் அந்த உத்தரவின் மீது மேல்முறையீடு கிடையாது. இன்னொரு மறு ஆய்வும் கிடையாது.

கட்டுரை சொல்லாமல் விட்டது, பாகப்பிரிவினை வழக்கின் தனித்தன்மை. யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தாலும், சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணை வரும்வரை வழக்கு முடிவதில்லை. ஐந்து சகோதரர்களுக்குத் தலா 1/5 என்று தீர்ப்பான பின் ஒருவர் இறந்து, மற்ற நால்வர் மட்டுமே அவருக்கு வாரிசு என்றால் பங்கு 1/4 ஆகிவிடும். அப்போது மறு ஆய்வு தேவையில்லை; இன்னொரு முதல்நிலைத் தீர்ப்பாணை கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே பூல்சந்த் வழக்கில் சொல்லிவிட்டது. மகள்களின் பங்குரிமை பற்றிய 2020 வினீதா சர்மா தீர்ப்பும் இந்த இரண்டு தீர்ப்பாணைகளுக்கு இடைப்பட்ட காலத்தில்தான் பலருக்குக் கைகொடுத்தது.

குற்ற வழக்கில் இந்த அளவு இடமும் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 362ஆம் பிரிவு, இப்போது புதிய நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 403. எழுத்து, கணக்குப் பிழை தவிர வேறெதற்கும் கை வைக்க முடியாது. செக் திரும்பிய வழக்கில் தண்டனைக்குப் பிறகு சமரசம் ஆனாலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

உரிமையியல் வழக்கில் தோற்றவர் முதலில் போட வேண்டியது, தீர்ப்பு, தீர்ப்பாணை நகல் கேட்கும் மனு. சார்பு நீதிமன்றத்திலிருந்து மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90. நகல் கிடைக்க ஆன நாட்கள் இதில் கழியும். ஆனால் நகல் மனுப் போடும் முன்பே தீர்ப்பாணை தயாரிக்க ஆன நாட்கள் கழியாது. ஆகவே தீர்ப்புச் சொன்ன அன்றே மனுவைக் கொடுத்துவிடுவது நல்லது.

ஒரு வாசகர்,
தேவகோட்டை