தோள் அளவை மாற்றாதே, செல்வி

அன்புள்ள செல்விக்கு,

ஐந்தாம் மாசம் பிறந்துவிட்டது, மசக்கை விட்டு வாய்க்கு ருசியாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் மனசு நிறைந்துபோனது. இங்கே எல்லோரும் சுகம். ஆடி முடிந்ததால் என் தையல் கடையில் கல்யாண ப்ளவுஸ்கள் குவிந்து கிடக்கின்றன. அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

மெட்டர்னிட்டி குர்த்தி என்று தனியாக விற்பது விலை அதிகம், சாதாரணக் குர்த்தியையே இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அது மட்டும் வேண்டாம். சைஸ் கூடினால் தோளும் கழுத்தும் கைக்குழியும் சேர்ந்து கூடும். உன் தோளோ மாறப்போவதில்லை; மாறுவது மார்பும் வயிறும்தான். பெரிய சைஸ் போட்டால் தோள் தையல் கைப்பக்கம் சரியும், போர்டில் எழுதக் கை தூக்கினால் மொத்த உடுப்பும் மேலே வரும். அத்தனையும் பொறுத்துக்கொண்டாலும் எட்டாம் மாசத்தில் வயிற்றில் இழுக்கும்.

உன் தோள் அளவையே வைத்து, மார்பில் இரண்டு இன்ச் கூட்டி, மார்புக்குக் கீழிருந்து விரிகிற மாடலாகப் பார். ஏ-லைன், ஆலியா கட், நைரா கட் எல்லாம் ஒத்துவரும். இப்போது எல்லாக் கடையிலும் தொங்குவதும் அவைதான், அதனால் பார்ப்பவர்களுக்குக் கர்ப்பிணி உடுப்பாகவே தோன்றாது. ஆனால் மேல் துண்டும் கீழ்ச் சுருக்கமும் சேரும் தையல் எங்கே விழுகிறது என்று பார்த்தே வாங்கு. மார்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். இடுப்பில் இருந்தால் மாசம் ஏற ஏற அது வயிற்றின் நடுவில் கயிறு கட்டியதுபோல நிற்கும். கடையிலேயே தோளிலிருந்து டேப் வைத்துப் பார். உன் உயரத்துக்குப் 14 இன்ச் வாக்கில் இருந்தால் சரி.

தைக்கக் கொடுப்பதானால் 44 இன்ச் அகலத் துணியில் இரண்டரை மீட்டர், சுருக்கம் வைப்பதானால் மூன்று. முன் துண்டை நடுவில் பின் துண்டைவிட இரண்டரை இன்ச் நீளமாக வெட்டச் சொல். வயிறு துணியை மேலே தூக்கிவிடும். அந்த நீளம் இல்லாவிட்டால் முன்பக்கம் ஏறிப் பின்பக்கம் தொங்கும். பக்க ஸ்லிட் வழக்கத்தைவிட நாலு இன்ச் கீழே தொடங்கட்டும். மார்பு வழியாக மேலிருந்து கீழே இறங்கும் பிரின்சஸ் கட் தையலிலேயே இரண்டு பக்கமும் எட்டு இன்ச் நைலான் ஜிப் மறைவாக வைத்துவிட்டால் பால் கொடுக்கும் மாசங்களுக்கும் அதே குர்த்தி உதவும். உள்பக்கம் ஒரு துணிப் பட்டை கட்டாயம், இல்லாவிட்டால் ஜிப் பல் உடம்பில் உராயும். ஒரு குர்த்தியை ஒன்றரை வருஷம் போடலாம் என்றால் காசு கொடுத்தது மனசுக்கு உறுத்தாது.

துணியில் முதலிடம் மெல்லிய மல் காட்டனுக்கு. ரேயான் விலை குறைவு, அழகாக விழும், ஆனால் கோயம்புத்தூர் வெயிலிலும் வகுப்பறைப் புழுக்கத்திலும் வேர்வையோடு உடம்பில் ஒட்டும். எதுவானாலும் வெட்டுவதற்கு முன்னால் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவை. முதல் துவைப்பில் சுருங்க வேண்டியது அங்கேயே சுருங்கட்டும்.

பள்ளிக்குச் சேலை கட்டும் நாட்களில் ப்ளவுஸ்தான் உனக்குப் பெரிய தலைவலி. பழைய ப்ளவுஸை உள்பக்கம் திருப்பிப் பார். பக்கத் தையலுக்கு வெளியே ஒரு இன்ச் துணி இருந்தால் பிழைத்தாய். முன் துண்டு, பின் துண்டு இரண்டிலும் முக்கால் இன்ச் விட்டால் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை, சுற்றளவில் மொத்தம் மூன்று இன்ச் கிடைக்கும். பக்கத்தை மட்டும் பிரித்து நிறுத்திவிடக் கூடாது. தையல் கைக்குழியைத் தாண்டிக் கையின் உள்பக்கமும் பிரிய வேண்டும், இல்லாவிட்டால் அக்குளில் வெட்டும். நூல் பிசிறாமலிருக்க ஓரத்தில் ஓவர்லாக் அடிக்கும்போதே மிச்சத் துணியை வெட்டியிருந்தால் விட ஒன்றும் இருக்காது. அப்போது அக்குளிலிருந்து கீழ்வரை இரண்டு இன்ச் அகலத்தில் அதே நிறப் பனியன் துணியை இணைக்கலாம். நிறம் மட்டும் நன்றாகப் பொருந்த வேண்டும்.

இதைவிடச் சுலபமானது, இழுபடும் ரெடிமேட் ப்ளவுஸ். கறுப்பு, மெரூன், சந்தன நிறம் என்று மூன்று இருந்தால் உன் பீரோவில் உள்ள பாதிச் சேலைகளுக்குப் போதும். திருப்பூர் உனக்குப் பக்கம்தானே. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சம் விற்கும் கடைகளில் பனியன் துணி உடுப்புகள் விலை குறைவு. தையல் இடத்தை இழுத்துப் பார்த்து வாங்கு, நூல் விட்டுப்போன பீஸும் கலந்திருக்கும்.

உள்பாவாடை நாடாவை வயிற்றின் மேல் இறுக்கிக் கட்டாதே. பின்னால் இடுப்பிலும் முன்னால் வயிற்றுக்குக் கீழேயும் வருமாறு சரித்துக் கட்டு. நாடாவுக்குப் பதில் இரண்டு இன்ச் எலாஸ்டிக் போடலாம் என்பார்கள். சேலையின் கனத்துக்கு அது மட்டும் தாங்காது, கொசுவத்தோடு கீழே இறங்கும். பின்பக்கம் எலாஸ்டிக், முன்பக்கம் பட்டையான நாடா என்று இரண்டும் சேர்த்துத் தைத்தால் நிற்கும். கஞ்சி போட்ட கனமான காட்டன் வயிற்றை இன்னும் விறைப்பாகக் காட்டும். மதுரைச் சுங்குடியை இரண்டு மூன்று முறை அலசிக் கஞ்சியைப் போக்கிவிட்டு உடுத்து, அத்தனை இதமாக இருக்கும். புதுச் சேலையில் ப்ளவுஸ் துணியை வெட்டாதே. அந்த 80 சென்டிமீட்டர் இருந்தால்தான் கடைசி மாசங்களில் கொசுவம் குறையாது.

வீட்டிலிருக்கும் பேண்டில் முன் இடுப்புப் பட்டையை வெட்டிவிட்டுப் பழைய டி-ஷர்ட் துணியை வைத்துத் தைக்கலாம். துணி இழுபடும் திசை வயிற்றைச் சுற்றி வர வேண்டும். மெஷினில் ஜிக்ஜாக் போடு, நேர்த்தையல் போட்டால் உட்காரும்போது நூல் அறுந்துபோகும்.

பிராவைப் பழைய அளவிலேயே இழுத்துப் பிடித்துப் போடாதே, இது எனக்கு உன்னிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய விஷயம். கம்பி இல்லாத காட்டனில், இறுக்கமான கொக்கியில் இப்போது சரியாக உட்காருவதாக வாங்கு. விலா விரிய விரிய அடுத்த கொக்கிக்குத் தள்ளலாம். பால் கொடுக்கும் பிராவை எட்டாம் மாசம் வரை வாங்காமல் இரு.

வளைகாப்புப் பட்டு ப்ளவுஸை இப்போதே தைத்துவிடாதே, விசேஷத்துக்குப் பத்து நாள் முன்னால் அளவெடுத்தால் போதும். வளையல் விஷயத்தை அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவை. கை வீங்கியிருக்கும், ஆளாளுக்கு அடுக்குவார்கள். வழக்கமாக நீ 2.4 போடுகிறவள் என்றால் 2.6 வாங்கச் சொல்.

எல்லாவற்றையும் இந்த மாசமே வாங்கிவிடாதே. நாலு குர்த்தி, இரண்டு பலாசோ, மூன்று ப்ளவுஸ் இப்போதைக்குப் போதும்; மிச்சத்தை ஏழாம் மாசத்தில் வயிறு எப்படி வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி வரும், காட்டன் சேலையை அப்போது எடு.

குர்த்தி இரண்டை நானே தைத்து அனுப்புகிறேன். தோள், மார்பு, மார்புக்குக் கீழ்ச் சுற்றளவு, தோளிலிருந்து முழங்கால் வரை நீளம், இந்த நாலையும் அளந்து எழுது. வயிற்று அளவு வேண்டாம், அதற்கு நான் இடம் விட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மீனா