பிள்ளைகளின் காப்பாளர் யார்?

ஐயா,

விபத்தில் தாயையும் தகப்பனையும் ஒருசேர இழந்த இரு சிறு பிள்ளைகளை யார் வளர்ப்பது என்று, பதினாறாம் நாள் காரியம் முடியுமுன்பே எங்கள் தெருவில் மாமன் வீட்டாரும் சித்தப்பா வீட்டாரும் மல்லுக்கு நின்றார்கள். மூத்தவள் தம்பியின் கையைப் பிடித்தபடி அடுக்களை வாசலில் நின்று அத்தனையையும் கேட்டாள். நெஞ்சு பதறியது.

உயில் சொத்துள்ளவர்களுக்கு மட்டுமல்ல. நமக்குப் பின் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்கும் காப்பாளரையும் அதில் குறிப்பிடலாம். இந்துக்களுக்கு, சிறார் காப்பாளர் பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. மற்றவர்கள் வழக்கறிஞரைக் கேட்பது நல்லது. வெள்ளைத்தாளே போதும், பதிவு கட்டாயமில்லை, ஆனால் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து அவசியம். முதலில், காப்பாளராகக் குறிப்பிட நினைக்கும் உறவினரின் சம்மதத்தைக் கேளுங்கள். தாத்தா, பாட்டி என்றால் அவர்களின் வயதையும் எண்ணிப் பாருங்கள்.

உயிலோடு இன்னொரு முன்னேற்பாடும் தேவை. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது செல்போனும் பல இடங்களில் கைவிட்டது. ஆகவே முக்கியமான எண்களையும், குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

பீடி சுற்றும் தாய்மார்கள் நிறைந்த மேலப்பாளையம், முக்கூடல் பகுதிகளின் மகளிர் குழுக் கூட்டங்களில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, உயிலில் காப்பாளரைக் குறிப்பிடும் முறையை நேரில் விளக்க வேண்டுகிறேன்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை