மகரந்தப் பூச்சும் பார்த்தீனியமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார உடல்நலப் பகுதியில், 'மகரந்தம் ஒட்டாத பூச்சைத் தலையிலும் உடையிலும் அடித்துக்கொண்டால் பயமில்லாமல் வெளியே போகலாம்' என்று போட்டிருந்தீர்கள். வீசிங் உள்ள என் மருமகள் அதைப் படித்துவிட்டு, அந்த ஸ்பிரே எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

பூச்சு பொய் என்று சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலை மலையாக, மகரந்தத்தைக் கொட்டும் சுகி என்ற ஊசியிலை மரத்தை நட்ட ஜப்பானில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஊரே தும்முகிறது. அங்கே இது சாதாரணமாகக் கடையில் விற்கும் சாமான். துணியில் சேரும் நிலைமின்சாரம் குறைந்தால் தூள் ஒட்டுவதும் குறையும், சரி. ஆனால் குறையுமே தவிர நிற்காது. வீசிங் உள்ளவர் மூடிய அறையில் ஸ்பிரே அடித்தால் அதுவே நெஞ்சை அடைக்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதா? தங்களுக்குத் தெரியாததல்ல.

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நீர் பாயும் தோப்பெல்லாம், மகரந்தத்தால் தொல்லை தரும் பார்த்தீனியக் களைதான். முளைத்த ஒரு மாதத்தில் பூத்துவிடும். ஒரு செடி பல்லாயிரம் விதை விடும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் கிழக்குக் காற்றைக் கேட்கவே வேண்டாம். மருமகள் களை பிடுங்கப் போவது பாலியெஸ்டர் சேலையில், தலை நிறையத் தேங்காய் எண்ணெயோடு. சாயங்காலம் சேலையை அவிழ்த்தால் சடசடவென்கிறது, கொசுவத்தை உதறினால் வெள்ளைப் பூத்துகள் கொட்டுகிறது. கழுத்து முழுக்கத் தடிப்பு. அன்றாடக் கூலியில் அவள் ஸ்பிரே வாங்குவாளா, அரிசி வாங்குவாளா?

1950களில் இந்த நாட்டில் பரவ ஆரம்பித்த செடி இது. அதைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984இல் பெங்களூரில் விட்டுப் பார்த்தார்கள், அப்படியும் ஒழியவில்லை. போன வருடமே இதைப் பற்றித் தங்களுக்கு எழுதினேன், போடவில்லை. பஞ்சாயத்தில் கொடுத்த மனு எங்கே போனதென்று அவர்களுக்கே தெரியாது. எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டினார்கள், மலையாளத்தில். களைக்குப் போகும் எங்கள் பெண்களில் பாதிப் பேருக்கு அது படிக்க வராது. தமிழ்ப் பத்திரிகை என்றுதானே காசு கொடுத்துத் தங்களை வாங்குகிறோம்? வாளையாறு எல்லையைத் தாண்டிக் கேரளத்தில் இருந்தால் நாங்கள் வாசகர் இல்லையா?

அடுத்த இதழில் பார்த்தீனியத்தின் படம் ஒன்று போடுங்கள். பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும்; வேலைக்குப் போகும்போது பருத்தித் துணியால் தலையை மூடிக் கட்ட வேண்டும்; திரும்பி வந்ததும் சேலையை வாசலிலேயே மாற்றித் தலைக்குக் குளிக்க வேண்டும். இதை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். கால் பக்கம் போதும். நானே வெட்டித் தோப்பு தோப்பாக ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வாசகர்