பூஞ்சைக்கு இல்லாத பூஞ்சை மாத்திரை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பூனைக்கு கிட்னி மாத்தி வைக்கறது பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். 1987ல அமெரிக்காவுல டேவிஸ்ல இருக்கற கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது, கிட்னி குடுத்த பூனையையும் அதே வீட்டுக்காரங்க தத்தெடுத்துக்கறது எல்லாம் நல்லா எழுதியிருந்தீங்க, ஆனா ஆபரேஷனோட கதைய முடிச்சிட்டீங்க, எங்களுக்கு பாடே அதுக்கப்புறம்தான்.

நான் பென்சில்வேனியாவுல இருக்கேன். எங்க பூனை குண்டுமணிக்கு புது கிட்னி வச்சதுலேர்ந்து ஆயுசுக்கும் எதிர்ப்பு சக்திய அடக்கற சைக்ளோஸ்போரினும் பிரெட்னிசலோனும் குடுத்தாகணும், நிறுத்தினா உடம்பே அந்த கிட்னிய அழிச்சிடும். சைக்ளோஸ்போரின் அவ்ளோ கசப்பு, நாக்குல ஒரு சொட்டு பட்டாலும் வாயெல்லாம் நுரை தள்ளிடுவா, அதனால சிரிஞ்சுல அளந்து காலி கேப்சூல்ல விட்டு மூடி, அது இளகறதுக்குள்ள தொண்டையில போட்டு வாய மூடி கழுத்த தடவி விடணும். இத 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை செய்யணும். எங்களுக்கு அத ஒரு வேளையா குறைச்சுக் குடுத்தது கெட்டோகோனசோல் கால் மாத்திரை. அது பூஞ்சை மருந்து, ஆனா இங்க வேலை வேற. ஈரல்லயும் குடல்லயும் சைக்ளோஸ்போரினை உடைக்கற என்சைமை அது தடுத்துடும், அதனால கொஞ்சமா குடுத்தாலே ரத்தத்துல அளவு நிக்கும்.

அவ சரியா சாப்பிடலன்னு பக்கத்துல ஒரு கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போனேன், ஈரல் டெஸ்ட் ஏறியிருக்கு, பூஞ்சையும் இல்லையே எதுக்கு இதுன்னு கெட்டோகோனசோலை நிறுத்திட்டாங்க. கெட்டோகோனசோல் ஈரலை பாதிக்கும்ங்கறது உண்மை, அந்த சந்தேகத்த நான் தப்பு சொல்லல. ஆனா நிறுத்தினா சைக்ளோஸ்போரினை ஏத்தணும், ரத்தத்துல அளவு பாக்கணும், ஆபரேஷன் பண்ணவங்களுக்கு ஒரு போன் போடணும், இதுல எதுவும் நடக்கல, நானும் கேக்கல. ரெண்டே வாரத்துல சைக்ளோஸ்போரின் அளவு சரிஞ்சு, கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்துல ஏறி உடம்பு கிட்னிய ஒதுக்க ஆரம்பிச்சிடுச்சு, ராத்திரியோட ராத்திரியா அட்மிட் பண்ணி நரம்பு வழியா மருந்து ஏத்தி காப்பாத்தினாங்க.

இதுக்கு நேர்மாறாவும் நடக்கும். தோல்ல படைன்னு இட்ராகோனசோல் குடுத்தாலோ, சளிக்கு கிளாரித்ரோமைசின் குடுத்தாலோ சைக்ளோஸ்போரின் அளவு எகிறும், அப்ப எதிர்ப்பு சக்தி ரொம்ப அடங்கி உடம்புக்குள்ள தூங்கிட்டிருந்த டாக்ஸோபிளாஸ்மாங்கற ஒட்டுண்ணி கூட எழுந்துக்கும். ரிஃபாம்பிசின்ங்கற ஆன்டிபயாட்டிக் சைக்ளோஸ்போரின் அளவை இறக்கிடும். ஜென்டாமைசின், அமிகாசின் மாதிரி ஆன்டிபயாட்டிக், மெலாக்சிகாம் மாதிரி வலி மருந்து இதெல்லாம் நேரா கிட்னியையே அடிக்கும், சைக்ளோஸ்போரின் அளவு சரியா இருக்கேன்னு நம்பி இருந்தா ஏமாந்துடுவோம்.

பூனை வளக்கறவங்களுக்கும் டாக்டருங்களுக்கும் நான் கேக்கறது ஒண்ணுதான், புதுசா ஒரு மருந்து சேக்கறதுக்கு முன்னாடி மட்டுமில்ல, இருக்கறதுல ஒண்ண நிறுத்தறதுக்கு முன்னாடியும் ஆபரேஷன் பண்ண டீமை கேளுங்க, அப்புறம் ரத்த அளவு பாருங்க. கிட்னி மாத்தின மனுஷங்க சாப்பிடற டாக்ரோலிமஸும் இதே என்சைம் வழியாத்தான் உடையுது, உங்க வாசகர் வீட்ல அப்படி யாராவது இருந்தா அவங்களுக்கும் இது பொருந்தும். நான் இப்ப டப்பா மேல மார்க்கர்ல பெரிசா எழுதி வச்சிருக்கேன், "இது பூஞ்சைக்கு இல்ல, கேக்காம நிறுத்தாதீங்க"ன்னு.

குண்டுமணிக்கு அடுத்த டெஸ்ட் செவ்வாய்க்கிழமை காலைல, மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும்.

இப்படிக்கு,
பென்சில்வேனியாவுலேர்ந்து ஒரு வாசகி