ஒப்படைக்கு எதைப் பார்த்துப் புள்ளி போடுகிறீர்கள்?

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விஞ்ஞான வரலாறு பாடத்துக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த ஒப்படைகள் போன கிழமை திரும்பி வந்தன. எனக்கு 78 புள்ளி, என் தோழிக்கு 41. இந்த இரண்டும் இடம் மாறி இருக்க வேண்டியவை என்று எனக்கு நன்றாகத் தெரியும், மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

தலைப்பு, ஒரு விஞ்ஞானக் கண்டுபிடிப்பும் அதன் சமூகப் பாதிப்பும். நான் கலிலியோவை எடுத்தேன். 1609இல் தொலைகாட்டி, 1610இல் வியாழனின் நான்கு சந்திரன்கள், 1633இல் விசாரணை என்று வருட வரிசையில் புத்தகங்களிலிருந்து எடுத்து, வசனத்தைக் கொஞ்சம் மாற்றி, டவுனில் டைப் பண்ணி பைண்டிங் போட்டுக் கொடுத்தேன். 22 பக்கம். நானாக யோசித்த வரி என்று அதில் ஒன்றுகூட இல்லை.

அவள் எடுத்தது கோப்பி இலைத்துரு நோய். தேயிலைக்கு முன்னால் நம்முடைய இலங்கை மலைகளில் கோப்பிதானே. 1869இல் மடுல்சீமைப் பக்கம் இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூள் மாதிரிக் கண்ட அந்தப் பங்கசு (பூஞ்சை) இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்தது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி அதை ஆராய இங்கே வந்தார், அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தப் பங்கசின் விதை மாதிரியான வித்திகள் காற்றில்தான் பரவுகின்றன, ஈர இலையில் விழுந்தால்தான் முளைக்கின்றன, ஒரே பயிரை மலை முழுக்க நெருக்கி நட்டதே நோய்க்கு வழிவிட்டது என்றெல்லாம் காட்டினார். ஆனால் மருந்து கிடைக்கவில்லை, 1882இல் போய்விட்டார், கோப்பியும் போனது, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. நோயின் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தும் பயிரைக் காப்பாற்ற முடியாமல் போனால் அதைத் தோல்வி என்பதா என்று தோழி கேட்டிருந்தாள். அதோடு விடவில்லை, 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது செம்பு மருந்து அடித்து அதைக் கட்டுப்படுத்தியதை எடுத்து, அப்போது தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது, கோப்பிக் காலத்தில் அப்படி ஒன்று இருக்கவில்லை, அதனால் வந்த வித்தியாசம் என்ன என்று ஒப்பிட்டிருந்தாள். தோட்டத்தில் மருந்தடித்த தன் தாத்தாவிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய இரண்டு பக்கமும் அதில் உண்டு. மொத்தம் 9 பக்கம், கையெழுத்தில்.

"பக்கம் போதாது. தலைப்புக்குப் புறம்பானது." சிவப்பு மையில் அவ்வளவுதான் இருந்தது. என் ஒப்படையில் அதுவும் இல்லை, வெறும் 78 மட்டும்.

விரிவுரையாளரை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. நூற்றுக்கும் மேலான ஒப்படைகளை ஒருவர் திருத்துகிறார், பாவம், அவருக்கும் நேரம் வேண்டும். ஆனால் எதற்கு எத்தனை புள்ளி என்பதை முதலிலேயே சொல்ல என்ன தடை? உயர்தரப் பரீட்சைக்குப் புள்ளித்திட்டம் இருக்கிறது, ஒப்படைக்கு ஏன் இல்லை? ஆதாரம் தேடியதற்கு இவ்வளவு, கேள்வி எழுப்பியதற்கு இவ்வளவு, மொழிக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டினால் போதும். பக்கத்தையும் பைண்டிங்கையும் பார்த்துப் புள்ளி போட்டால் டைப் பண்ணக் காசுள்ள பிள்ளைதான் முன்னுக்கு வரும், தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்துகொண்டு கையால் எழுதுகிற பிள்ளை பின்னுக்குத்தான் போகும். இப்போது போனில் AIயிடம் கேட்டால் 22 பக்கமும் அதுவே எழுதித் தருகிறது, அதற்கும் 78 போடுவீர்களா? ஒப்படை கொடுத்த பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஐந்து நிமிடம் கேள்வி கேளுங்கள், யார் விளங்கி எழுதினார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். என்னையும் கேளுங்கள், கலிலியோவை ஏன் விசாரித்தார்கள் என்று இரண்டு வசனம்கூட என்னால் சொந்தமாகச் சொல்லியிருக்க முடியாது.

அப்புறம் இன்னொன்று. விஞ்ஞான வரலாறு என்றால் ஐரோப்பாவில் நடந்தது மட்டும்தான் என்ற நினைப்பு எங்கள் வகுப்பில் நிறையப் பேருக்கு உண்டு. நாம் தினமும் ஏறி இறங்குகிற மலையே இப்படி இருப்பதற்கு ஒரு பங்கசு காரணம் என்பதை நான் தோழியின் 9 பக்கத்தில்தான் முதலில் படித்தேன், பாடத்தில் அல்ல.

தோழி மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. அடுத்த ஒப்படைக்கு நியூட்டனை எழுதப் போவதாகச் சொல்கிறாள். அவளுக்கு எழுத ஆசை இருப்பது சிங்கோனாவைப் பற்றி, காய்ச்சல் மருந்துக்காக 1861இல் ஹக்கலைத் தாவரவியல் பூங்காவில் நட்ட அந்த மரத்தைப் பற்றி. ஒப்படை கொடுக்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. இதை வாசிக்கும் விரிவுரையாளர்கள் தயவுசெய்து அதற்குள் புள்ளித்திட்டத்தை ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் வருட மாணவி,
தலவாக்கலை